ஏழு கோணல் மெழுகுவர்த்திகள்

முன்னொரு காலத்தில், மேகம் கால் நீட்டிப் படுக்கிற உயரத்தில், மஞ்சடுக்கு என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டில் எள் விளையாது, தென்னை காய்க்காது, ஆகவே விளக்குக்கு எண்ணெய் கிடையாது. ஆனால் பாறைக்குப் பாறை தேன்கூடு. தேனை நக்கித் தின்றவர்கள் மெழுகை என்ன செய்வார்கள்? திரி போட்டு மெழுகுவர்த்தி ஆக்கினார்கள். அரசன் வீட்டிலும் அதுதான், ஆண்டி வீட்டிலும் அதுதான். வெளியே போனவர் வீடு திரும்பும் நாளில் வீடு முழுக்க மெழுகுவர்த்தி வைத்து அலங்கரிப்பது அந்த நாட்டு வழக்கம். வாசலுக்கு இரண்டு, சன்னலுக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று என்று ஏற்றி வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள்.

அந்த நாட்டின் கடைசி மேட்டில் சடையன் என்கிற தேன் எடுப்பவனும் அவன் மனைவி அரும்பாயியும் குடியிருந்தார்கள். கல்யாணமாகி ஆறு வருஷம். அரும்பாயிக்கு ஒரு குறையும் இல்லை, வீட்டைத் தவிர. புகை ஏறிக் கறுத்த சுவர், ஒரு பக்கம் சரிந்த கூரை. யாராவது வாசலில் வந்து நின்றால், பாவம், கறுத்த சுவரை மறைத்துக்கொண்டுதான் நிற்பாள்.

மலை உச்சியில் இருந்தான் உபசார மாயன். மந்திரவாதி என்றதும் மண்டையோடும் மாயக்கோலுமாக நினைத்துக்கொள்ளாதீர்கள். இவன் சிரித்த முகத்துக்காரன். வழி தப்பி வருகிறவர்களை, "வாங்க, வாங்க, வாங்க!" என்று மூன்று தரம் கூப்பிடுவான். உட்கார வைப்பான். பூந்தேன் பாயசம் கொடுப்பான். ஒரு வாய் குடித்தால் போதும், சொந்த வீடு மறந்து போகும். பிறகு அவன் மாளிகையிலேயே விருந்தாளியாகத் தங்கிவிட வேண்டியதுதான். ஏன் இப்படிச் செய்தான்? தனியாக இருக்கப் பயம், வேறொன்றும் இல்லை. பயந்தவன் செய்கிற கொடுமைக்கு அளவே கிடையாது என்பது என் கட்சி.

ஒரு நாள் தேனுக்குப் போன சடையன் திரும்பவில்லை. ஒரு சாயங்காலம் பார்த்தாள் அரும்பாயி, இரண்டு சாயங்காலம் பார்த்தாள், மூன்று சாயங்காலம் பார்த்தாள். நாலாம் நாள் விடிந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மலை ஏறினாள்.

"வாங்க, வாங்க, வாங்க!" என்றான் மாயன். "களைச்சு வந்திருக்கீங்க. ஒரு வாய் பாயசம்?"

"வேண்டாங்க."

"அரை வாய்?"

"வேண்டாங்க."

"நாக்கு நனையற அளவு?"

"என் வீட்டுக்காரரைக் காணாம வந்திருக்கேன். அமுதமே கொடுத்தாலும் தொண்டையில இறங்காதுங்க," என்றாள் அரும்பாயி.

மாயன் முகம் சுண்டிப்போயிற்று. உபசாரத்தை வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் இவள்தான். அவனுக்குப் பின்னால் பெரிய கூடம் தெரிந்தது. வெள்ளை மஞ்சு, அதுதான் பனிமூட்டம், பாயாக விரிந்திருந்தது. அதில் நூறு பேர் அரைக்கண் மூடிச் சாய்ந்திருந்தார்கள். நடுவில் சடையன்! அவளைப் பார்த்தான். மரியாதையாகக் கும்பிட்டான். அதுவும் யாரோ ஒரு அயலாளைக் கும்பிடுகிற மாதிரி.

"கூட்டிக்கிட்டுப் போங்களேன்," என்றான் மாயன் குழைந்த குரலில். "விருந்தும் மருந்தும் மூணு நாள்னு பெரியவங்க சொல்லுவாங்க. மூணு நாள் அவர் உங்க வீட்டுக்கு விருந்தாளி. மூணாம் நாள் விளக்கு வைக்கிற நேரத்துல நான் வருவேன். அதுக்குள்ள இது தன் வீடுன்னு அவருக்கே தோணிட்டா, அவர் உங்களவர். தோணலேன்னா, என்னைக்கும் என் விருந்தாளி. ஒண்ணே ஒண்ணு. இது உங்க வீடு, நான் உங்க பொண்டாட்டின்னு நீங்க வாயைத் திறந்து சொல்லக் கூடாது. சொன்னா அந்த நிமிஷமே மஞ்சாக் கரைஞ்சு போவார்."

"சரிங்க."

"இன்னொண்ணு. வெறும் வீட்டுக்கா அழைச்சுக்கிட்டுப் போவீங்க? கறுத்த சுவரு, சரிஞ்ச கூரை..." மாயன் உச்சுக் கொட்டினான். "இந்தாங்க, என் கையால செஞ்ச மெழுகுவர்த்தி. நாளுக்கு ஒரு குழல். ஏத்தி வெச்சுப் பாருங்க."

மூன்று மூங்கில் குழல்களை நீட்டினான். பாயசத்துக்கு மயங்காதவள் இதற்கு மயங்கினாள். கறுத்த சுவர் என்ற ஒரு வார்த்தை அவளைப் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடித்துவிட்டது. வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள்.

முதல் நாள். அரும்பாயி புதுப்பாய் விரித்தாள். தலைவாழை இலை போட்டாள். பொழுது சாய்ந்ததும் முதல் குழலைத் திறந்தாள். பால் வெள்ளையில் முப்பது மெழுகுவர்த்திகள். ஒவ்வொன்றாக ஏற்ற ஏற்ற, வெளிச்சம் பட்ட சுவரெல்லாம் பளிங்காக மாறிற்று. கூரை நிமிர்ந்தது. மண்தரை கண்ணாடியாயிற்று. அரும்பாயி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். இது நம் வீடா, நம் வீடா என்று மனசு துள்ளியது.

சடையன் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தான்.

"அருமை, அம்மணி, அருமை! யாரு வீடு இது?"

அரும்பாயிக்கு முகம் வாடிப்போயிற்று. போதாது போலிருக்கிறது, நாளைக்கு இன்னும் ஜோடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள். மூன்று வகைப் பொரியல், இரண்டு வகைப் பாயசம். பொழுது சாய்ந்ததும் இரண்டாம் குழல். நீல மெழுகுவர்த்திகள் முப்பது. ஏற்றியதும் கூரை காணாமல் போய் அங்கே நட்சத்திரம் பூத்தது. தரையில் தாமரைக் குளம் விரிந்தது. குளத்தின் மேல் நடந்தால் கால் நனையவில்லை. எங்கிருந்தோ வீணை கேட்டது. பூவாசம் வந்தது. தூக்கத்தில் சிரிப்போமே, அப்படி ஒரு சுகம் வீடு முழுக்க நிறைந்திருந்தது.

சாப்பிட உட்கார்ந்ததோடு சரி, பிறகு சடையன் உட்காரவே இல்லை. வாசல்படி ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அருமை, அம்மணி, அருமை! யாரு வீடு இது? இவ்வளவு பெரிய இடத்துல நான் வந்து உங்களுக்குத் தொந்தரவு கொடுக்கறேன். நாளைக்குக் கிளம்பிடறேன், அம்மணி."

அன்றைக்கு அரும்பாயிக்குச் சோறு இறங்கவில்லை. அவன் சாப்பிட்டு எழுந்த இலையை எடுக்கும்போது பார்த்தாள். இலையை முன்பக்கமாக ஒழுங்காக மடித்து வைத்திருந்தான், விருந்துக்குப் போன வீட்டில் மடிப்பது போல. அதைப் பார்த்ததும்தான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள். இன்றைக்கு விட்டால் ஆள் போய்விடுவான். சடையன் வெளியே ஆட்டுக்குட்டியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. அரும்பாயி மூன்றாம் குழலைத் திறந்தாள். தங்க நிறத்தில் மெழுகுவர்த்திகள். எப்படித்தான் இருக்கும் பார்ப்போமே என்று ஒன்றை மட்டும் ஏற்றினாள்.

அடேயப்பா! ஒரே ஒரு மெழுகுவர்த்திதான். வீடு அறை அறையாகத் திறந்துகொண்டே போயிற்று. அறைக்குள் அறை, அதற்குள் இன்னோர் அறை. பட்டுத்திரை, பொன் ஊஞ்சல், பேசும் மயில். அரும்பாயி நடந்தாள், நடந்தாள், நடந்துகொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் நடந்தாளோ தெரியாது, தாகம் எடுத்தது. பானையைத் தேடினாள். பானையைக் காணோம். அடுப்படியைத் தேடினாள். அடுப்படியையும் காணோம். ஒரு பட்டுத்திரைக்கு முன்னால் நின்று, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"உள்ளே யாருங்க? குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமாங்க?"

கேட்டது தன் குரல்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சொந்த வீட்டில் நின்றுகொண்டு தண்ணீருக்குக் கெஞ்சுகிறாள்! எனக்கே இப்படி என்றால் அந்த மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்?

சட்டென்று விரலாலேயே திரியைக் கிள்ளி அணைத்தாள். சுட்டது. சுட்டால் சுடட்டும். அறைகள் எல்லாம் மடங்கின. மயில் போயிற்று, ஊஞ்சல் போயிற்று. கறுத்த சுவர் அதன் இடத்தில் நின்றது. ஆறு வருஷமாகப் பார்த்து வெட்கப்பட்ட சுவர். ஓடிப்போய் அதில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். "போயிட்டியோன்னு பயந்துட்டேன்," என்றாள் சுவரிடம்.

மாயனின் குழலைத் தூக்கிப் பள்ளத்தில் எறிந்தாள். மெழுகுக் கலயத்தைச் சுரண்டினாள். அடியில் ஒட்டியிருந்த தூசியும் தேனீச் சிறகும் கலந்த மெழுகுதான் கிடைத்தது. பழஞ்சேலையைக் கிழித்துத் திரி முறுக்கினாள். அவசர வேலை, ஆற விட நேரமில்லை. மொத்தம் ஏழு மெழுகுவர்த்திகள் தேறின. ஏழும் ஏழு கோணல். ஒன்று கூனல், ஒன்று குட்டை, ஒன்று நிற்கவே மாட்டேன் என்றது.

பொழுது சாய்ந்தது. அரும்பாயி ஒன்றை அடுப்படியில் வைத்தாள். ஒன்றை அம்மி மேல். ஒன்றை நெற்குதிர் பக்கத்தில். ஒன்றைக் கறுத்த சுவருக்கு நேராக, நன்றாகத் தெரியட்டும் என்று. இரண்டை வாசலில். ஏழாவதை என்றைக்கும் வைக்கிற பழக்கத்தில் மேற்குச் சன்னலில் வைத்தாள். புதுப்பாயைச் சுருட்டினாள். தலைவாழை இலை போடவில்லை. அவன் வழக்கமாகச் சாப்பிடுகிற நெளிந்த வட்டிலில் களியைப் போட்டு, "இந்தாங்க," என்று நகர்த்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சடையன் ஒரு வாய் தின்றான். சுற்றிலும் பார்த்தான். அருமை என்று சொல்லவில்லை. யாரு வீடு என்று கேட்கவில்லை. தேன்மெழுகும் புகையும் கலந்த வாசம் மூக்கில் ஏற, ஏதோ ஞாபகம் வருகிறவன் போல நெற்றியைச் சுருக்கினான்.

அந்த நேரம் பார்த்து வந்தான் மாயன். கதவைத் தட்டி வரவில்லை, மஞ்சாக வந்தான். வாசலில் ஊ என்றான், இரண்டு மெழுகுவர்த்தி அணைந்தன. அடுப்படியில் ஊ என்றான், அங்கேயும் இருட்டு. அம்மி மேல் ஒன்று, குதிர் பக்கம் ஒன்று, சுவரடியில் ஒன்று. ஊ, ஊ, ஊ.

"நேரமாச்சு, வாங்க, வாங்க, வாங்க!" என்று கூப்பிட்டது மஞ்சு. "பாயசம் ஆறுது."

சடையன் எழுந்தான். கையைக் கழுவினான். வந்த மஞ்சைப் பார்த்து ஒரு அடி வைத்தான். அரும்பாயிக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, ஏங்க, இது உங்க வீடுங்க, நான் உங்க அரும்பாயிங்க என்று. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். அவன் இரண்டாம் அடி வைத்தான். கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாம் அடியை அவன் எடுக்கும்போது மாயன் கடைசி மெழுகுவர்த்தியை அணைக்க மேற்குச் சன்னலுக்கு வெளிப்பக்கம் போய், அங்கிருந்து ஊ என்று ஊதினான். சுடர் படுத்தது. மெழுகு ஒழுகியது.

"ஏ புள்ள!"

அரும்பாயி கண்ணைத் திறந்தாள்.

"மேக்குச் சன்னல்ல வெக்காதே வெக்காதேன்னு எத்தனை தடவை தலைபாடா அடிச்சுக்கிட்டேன்! காத்து அடிக்கிற இடம்னு தெரியாது? ஆறு வருஷமா இதே பாடு. சொன்னா கேக்கறதில்லே, காதுல வாங்கறதில்லே!"

திட்டிக்கொண்டே ஓடிப்போய் இரண்டு கையாலும் சுடரைப் பொத்தினான் சடையன். முழங்கையால் சன்னல் கதவை ஒரு இடி இடித்தான். அது லேசில் சாத்தாத கதவு. அடிப்பக்கம் ஒரு உதை கொடுத்தால்தான் படியும். உதைத்தான், படிந்தது. ஊதிக்கொண்டிருந்த மாயன் வெளியே மாட்டிக்கொண்டான்.

விருந்தாளி எங்கேயாவது குறை சொல்வானா? எல்லாம் அருமை என்றுதானே சொல்வான்? வீட்டுக்காரன்தான் குறை சொல்வான். மாயனின் மந்திரம் படாரென்று உடைந்தது. உடைந்த சத்தம் மலை உச்சி வரைக்கும் கேட்டதாம். அங்கே கூடத்தில் சாய்ந்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து, "இந்தப் பாயசத்துல இனிப்பு ரொம்பத் தூக்கல்," என்றார். இன்னொருவர், "பாயி ஈரமா இருக்கே, முதுகு வலிக்குது," என்றார். மூன்றாமவர், "என் வீட்டுல இப்படியா இருக்கும்?" என்றார். அவ்வளவுதான். நூறு பேரும் முணுமுணுத்துக்கொண்டே மலை இறங்கினார்கள். மாயன் சன்னலை விட்டு விலகி, காற்று போன திசையில் போனான். எங்கே போனான் என்று கதை சொன்னவர்களும் எனக்குச் சொல்லவில்லை.

கீழே ஒவ்வொரு மேட்டிலும் ஒவ்வொரு வீடாக மெழுகுவர்த்தி ஏறத் தொடங்கியது. பனிமூட்டத்துக்குள் மஞ்சள் மஞ்சளாக நூறு வெளிச்சம் பூத்தது. அரசன் அரண்மனையிலும் அன்றைக்கு அத்தனை அழகு இல்லை என்பார்கள்.

சடையன் கையில் பொத்தி வைத்திருந்த சுடரால் மற்ற ஆறையும் ஏற்றினான். கூனலை நிமிர்த்தி வைத்தான், குட்டையை மேலே தூக்கி வைத்தான். அதற்கும் முணுமுணுப்புதான். இதென்ன மெழுகு, இதென்ன திரி, வீடு பற்றிக்கொண்டால் என்ன ஆவது என்று. திரும்பினவன், அரும்பாயி சுவரோடு சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுவதைப் பார்த்துத் திகைத்துப் போனான்.

"ஏ புள்ள, அரும்பாயி, ஏன் அழுவறே? ரொம்பத் திட்டிட்டேனா?"

"இல்லீங்க," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இன்னும் கொஞ்சம் திட்டுங்க."

அவர்கள் அங்கே திட்டும் சிரிப்புமாக வாழ்ந்தார்கள். கேட்ட நீங்கள் எழுந்து உங்கள் வீட்டுக்கு வெளிச்சம் வையுங்கள்.