முழங்காலில் காது

ஒரு காட்டுக் குளத்தின் கரையில் முயல் வாத்தியார் பள்ளிக்கூடம் நடத்தி வந்தார். காலையில் பிள்ளைகள் வரிசையாக நிற்க வேண்டும். "கண்!" என்பார். கண்ணைத் தொட வேண்டும். "காது!" என்றால் காதை. மூக்கு, நாக்கு, தோல் என்று ஐந்தையும் சரியாகத் தொட்டவருக்கே உள்ளே இடம்.

சிறகை உரசிப் பாடும் சுவர்க்கோழிப் பூச்சிக்கு அந்த இடத்தின் மேல் தீராத ஆசை. அணிலும் மான்குட்டியும் தோளோடு தோள் ஒட்டி உட்காருவதைப் புல்லுக்குள் இருந்து பார்த்து ஏங்கும். தினமும் வரிசைக்கு வரும். "காது!" என்றதும் தன் முன்னங்காலில் முட்டிக்குக் கீழே தொடும்.

"முழங்காலில் காதாம்! அப்போ மூக்கு எங்கே, முதுகிலா?" என்று அணில் உருண்டு சிரிக்கும்.

"காது தலையில்தான் இருக்கும்! என்னைப் பார்!" என்று வாத்தியார் தன் நீண்ட காதுகளை ஆட்டிக் காட்டுவார்.

"எனக்குக் காலில்தான் இருக்கிறது, ஐயா!"

"வெளியே போ!"

ஒருநாள் வண்ணத்துப்பூச்சி அதைத் தனியே அழைத்தது. "அட அசடே! எனக்கு ருசி தெரிவது காலில். பூவில் கால் வைத்தாலே இனிப்பு தெரிந்துவிடும். அதையா வாத்தியாரிடம் சொன்னேன்? 'நாக்கு!' என்றதும் வாயைத் தொட்டேன். இப்போது முதல் வரிசை! நீயும் தலையைத் தொட்டுவிடேன்!"

"பொய் இல்லையா, அக்கா?"

"பொய்தான். ஆனால் இடம் நிஜம்!"

மறுநாள் பூச்சி தலையைத் தொட்டது. அணிலுக்கும் மான்குட்டிக்கும் நடுவில் இடம் கிடைத்தது. மான்குட்டியின் தோள் வெதுவெதுப்பாக இருந்தது. எத்தனை நாள் ஆசை!

"எல்லாரும் கையைக் கட்டுங்கள்!" என்றார் வாத்தியார்.

பூச்சியும் முன்னங்கால்களை மடக்கி நெஞ்சோடு இறுக்கியது. அவ்வளவுதான். காது அடைத்துவிட்டது. வாத்தியாரின் வாய் அசைந்தது. அணில் தலையாட்டியது. பூச்சிக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை.

பொறுத்துப் பார்த்தது. பிறகு கையை அவிழ்த்தது.

"டேய்! யாரைக் கேட்டுக் கையை எடுத்தாய்?"

"பாடம் கேட்க எடுத்தேன், ஐயா! என் காது இங்கேதான் இருக்கிறது. காலையில் தலையைத் தொட்டதுதான் பொய்!"

"கையைக் கட்டு! இல்லாவிட்டால் வெளியே போ!"

பூச்சி முதல் வரிசையைப் பார்த்தது. "அக்கா, உன் காலைப் பற்றிச் சொல்லேன்! இரண்டு பேர் சொன்னால் நம்புவார்!"

வண்ணத்துப்பூச்சி கால்களைச் சிறகுக்கு அடியில் ஒளித்துக்கொண்டது. "இது யாரென்றே எனக்குத் தெரியாது, ஐயா!"

பூச்சி வெளியேறியது. புல்லில் நின்று முன்னங்கால்களை விரித்தது. பாடம் சொல் சொல்லாகக் கேட்டது. தோள் ஒட்டி உட்கார்ந்த அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்து அதன் நெஞ்சு ஏங்கியது. ஆனாலும் கால்களை அது மடக்கவில்லை.

பிள்ளைகளே, இடம் கிடைக்க வேண்டும் என்று தன் உடம்பையே பொய்யாக்கிக்கொள்பவருக்கு, கிடைத்த இடத்தால் ஒரு பயனும் இல்லை.