உபயக் கல்

மடத்துத் தியான மண்டபத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார் மாசிலாமணி. சாந்துச் சட்டி சுமந்து மேலே வந்த காண்ட்ராக்டர். முன்கோபி. பேரத்தில் அவரை அசைத்தவர் ஊரில் இல்லை.

“பட்டப்பகல்ல லைட்டு எரியுது. அத்தனை ஃபேன் சுத்தியும் வேர்த்து ஊத்துது. புது மண்டபம் கரண்டைத் தின்னாதும்மா. கூரை பூரா சோலார். எங்க ஆத்தா பேரு மட்டும் வாசல்ல இருக்கணும்.”

குரு வடிவாம்பிகை அவரைவிட இருபது வயது இளையவர்.

“இடிங்க. ஆனா ஒரு செங்கல்கூடக் குப்பைக்குப் போகக் கூடாது. எல்லாத்துக்கும் போக்கிடம் சொல்லிட்டுக் கடப்பாரையைத் தொடுங்க.”

“இவ்வளவுதானா!”

நின்ற இடத்திலேயே போனில் பேரம் பேசினார். கதவு, உத்தரம், ஓடு, செங்கல் எல்லாவற்றுக்கும் ஆள் பிடித்தாயிற்று.

மிஞ்சியவை உபயக் கற்கள். நன்கொடை தந்தவர்களின் பெயர் வெட்டிய கருங்கல் பலகைகள். ஆளுக்கொரு ஜன்னலை அடைத்துப் பதித்திருந்தார்கள். தென்பக்கப் பெரிய ஜன்னலை மறைத்து நின்றது மாசிலாமணியின் கல்: ‘செவ்வந்தி அம்மாள் நினைவாக.’

“பேர் வெட்டின கல்லை எவன்யா வாங்குவான்?” என்று போனை வைத்துவிட்டான் பழைய சாமான் வியாபாரி.

குருவிடம் வந்து குதித்தார். “அந்தக் கல்லுக்கு மட்டும் போக்கிடமே இல்லம்மா!”

“கிணத்தடி ஒரே சேறு. குப்புறப் போட்டா, மேல நின்னு துணி துவைக்கலாமே.”

“எங்க ஆத்தாளை மிதிக்கச் சொல்றீங்களா?” கழுத்து நரம்பு புடைத்தது.

“ஆத்தா என்ன வேலை பார்த்தாங்க?”

மாசிலாமணியின் கண் கிணற்றடிச் சேற்றுக்குப் போயிற்று.

“நாலு வீட்டுத் துணி துவைச்சுது. சேத்துலயே நின்னு நின்னு... காலெல்லாம் புண்ணு.”

ஆட்களை விலக்கிவிட்டு, அந்தக் கல்லைத் தானே நெம்பினார். கிணற்றடியில் ஆடாமல் பதித்தார். ஏறி நின்று பார்த்தார். மற்றக் கற்களையும் ஜன்னல்களிலிருந்து பெயர்த்துப் பக்கத்தில் அடுக்கிப் பாவினார்.

வேலை முடிந்து மண்டபத்துக்கு வந்தபோது குரு மட்டும் உட்கார்ந்திருந்தார். தென்காற்றில் அவர் முந்தானை படபடத்தது.

“கல்லு சோலி முடிஞ்சுதும்மா. நாளைக்கு இடிச்சிரலாமா?”

குரு எழுந்து போய் லைட்டை அணைத்தார். ஃபேனையும் அணைத்தார். மண்டபம் இருளவில்லை; முந்தானையின் படபடப்பும் நிற்கவில்லை.

“இன்னும் என்ன இருக்கு, இடிக்க?”