எச்சில் வாளி சொன்ன தீர்ப்பு

பெங்களூரில் ஒரு பெரிய மைதானம். வருஷத்துக்கு ஒருமுறை அங்கே பந்தல் போட்டு, ஊர் உலகத்து ஒயினையெல்லாம் மேசை மேசையாக வைத்து, டிக்கெட் வாங்கி வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு வாய் ருசி பார்க்கக் கொடுப்பார்கள். பிடித்துப்போனால் கடைக்காரர்கள் பெட்டி பெட்டியாகக் கேட்பார்கள். பிடிக்காவிட்டால் பாட்டில் வந்த வழியே ஊர் போகும்.

அப்படி ஒரு வருஷம், கடைசி மேசைக்குப் பன்னீர் என்றொரு பாட்டில் வந்து சேர்ந்தது. கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சையில் பிறந்த ஒயின். அதைச் செய்தவள் சுருளிப்பட்டி வேலுத்தாய். ஆறு வருஷம் அலைந்து லைசென்ஸ் வாங்கியவள். மற்ற பாட்டில்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிவிட்டு, மூத்த பிள்ளையான பன்னீரை மட்டும் பழைய வேட்டியில் சுற்றி, ராத்திரி முழுக்க பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

பஸ் கிளம்பும்போது அவள் அண்ணன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னதும் பன்னீரின் காதில் விழுந்திருந்தது: "ஒரு கடைக்காரனாவது கேட்டாத்தான் ஆச்சு தாயி. இல்லேன்னா திங்கக்கிழமை திராட்சைப் பந்தலைப் பிரிச்சிட்டு வாழை வச்சிருவேன். கன்னுகூட வாங்கியாச்சு."

மேசைமேல் பளபளவென்று ஒரு எவர்சில்வர் வாளி இருந்தது. வேலுத்தாய்க்கு ரொம்பச் சந்தோஷம். "பாரேன், குளுகுளுன்னு வைக்க வாளிகூடக் குடுத்திருக்காக!" என்றாள். வாளியை நன்றாகக் கழுவி, தண்ணீர் ஊற்றி, ஒரு கட்டி ஐஸும் போட்டுப் பன்னீரை அதற்குள் நிற்க வைத்தாள்.

பக்கத்து மேசையில் ஒரு பிரெஞ்சு பாட்டில். தங்க எழுத்து, நீண்ட கழுத்து. மற்ற பாட்டில்கள் அதைத் துரை என்றுதான் கூப்பிடும். அது குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

"ஏ நாட்டுச் சரக்கே, எதுக்குள்ள நிக்கிறேன்னு தெரியுமா? இங்கே ருசி பார்க்கிறவங்க விழுங்க மாட்டாங்க. வாயில கொப்புளிச்சுத் துப்புவாங்க. அந்தத் துப்புற வாளியில நீ குளிச்சிட்டிருக்கே!"

பன்னீருக்கு இடுப்பளவு தண்ணீரிலும் வியர்த்துவிட்டது.

"அழாதே தங்கச்சி," என்றது வாளி. "அந்தம்மா என்னைக் கழுவினாங்களே, அது மாதிரி இதுவரைக்கும் ஒருத்தரும் கழுவினதில்லை. முப்பது வருஷமா வாய் திறந்து உட்கார்ந்திருக்கேன். ஒரு ஆளாவது என்னைப் பார்த்து 'நல்லாயிருக்கியா'ன்னு கேட்டதில்லை."

"நல்லாயிருக்கீங்களாண்ணே?" என்றது பன்னீர், அந்தக் கலக்கத்திலும்.

வாளி விளிம்பை நிமிர்த்திக்கொண்டது. "நான் குடிக்காத ஒயின் உலகத்துல கிடையாது தங்கச்சி. அதோ அந்தத் துரை எத்தனை தடவை என் வயித்துக்குள்ள வந்திருக்கார், கேட்டுப் பாரு."

துரை மூடியை இறுக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தது.

அதற்குள் மனிதர்களுக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று. துரையின் மேசைக்காரர், கோட்டு போட்ட மோனப்பா, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார்: "அக்கா, அது துப்புற வாளி! ஒயினை எடுங்க, சிரிக்கிறாங்க."

வேலுத்தாய் திகைத்தாள். "துப்புறதா? வாயில வச்சதையா? எங்க ஊர்ல வாய்க்குப் போனதைத் துப்புனா, ஆக்குனவளை அடிச்ச மாதிரி."

சொல்லிவிட்டாளே தவிர முகம் சுண்டிப்போயிற்று. பன்னீரை எடுத்து முந்தானையால் துடைத்து, மேசையின் நடுவில் நிமிர்த்தி வைத்தாள். தண்ணீரைக் கொட்டிவிட்டு, வாளியை அதற்குரிய இடத்தில், பக்கத்திலேயே வைத்தாள். வந்தவர்கள் எல்லாம் வாளிக் கதையைக் கேட்டுச் சிரித்தபடி அந்த மேசையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மத்தியானம் போய்ச் சாயங்காலமும் வந்தது. ஒரு குவளைகூட நீளவில்லை.

சுற்றிப் போகாத ஆள் ஒருவர்தான். ஜோக்கிம் ராயப்பன். தலைமை நடுவர். எல்லா மேசையிலும் ருசி பார்த்தே ஆக வேண்டும் என்பது அவர் வேலை. ஒரு சொட்டும் விழுங்கக் கூடாது என்பது அவர் விரதம். "விழுங்கினா நாற்பதாவது மேசையில நாக்கு பொய் சொல்லும்" என்பார். அவர் பின்னால் எத்தனை கடைக்காரர்கள் நோட்டும் கையுமாக நடப்பார்கள் தெரியுமா? கல்யாண ஊர்வலம் தோற்றுவிடும்.

ஊர்வலம் கடைசி மேசைக்கு வந்தது.

"சார், அது வாளியில ஊறின சரக்கு!" என்றார் மோனப்பா.

"கழுவித்தாங்கய்யா வச்சேன்," என்றாள் வேலுத்தாய். "துப்புறது உங்க வழக்கம்னா துப்பிக்கங்க. ஒரு நிமிசம் வாயில வச்சிருந்துட்டுத் துப்புங்க, அது போதும்."

ராயப்பன் சிரித்தார். குவளையைச் சுழற்றினார், மோந்தார், ஒரு வாய் எடுத்தார். கண்ணை மூடினார். கன்னம் இந்தப் பக்கம் உப்பியது, அந்தப் பக்கம் உப்பியது. பிறகு வழக்கம்போல வாளியை நோக்கிக் குனிந்தார்.

"அண்ணே!" என்று முனகியது பன்னீர்.

"என்ன செய்றது தங்கச்சி, என் தலையெழுத்து வாயைத் திறக்கிறது," என்றது வாளி.

குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்போது அவர் தொண்டைக்குழி மெல்ல ஏறி, இறங்கியது. அந்தச் சத்தத்துக்கு மைதானத்தின் மறுகோடியில் இருந்த குவளைகள்கூடக் கிணுகிணுத்தன. இதை நான் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்கிறேன்.

"சார், துப்பலையே!" என்றார் ஒரு கடைக்காரர்.

ராயப்பன் நிமிர்ந்தார். முகத்தில் திருட்டுமுழி. "மறந்துட்டேன்," என்றார். குவளையை நீட்டினார். "இன்னொரு வாய் ஊத்துங்கம்மா. இதையாவது ஒழுங்காத் துப்புறேன்."

அதுவும் உள்ளே போயிற்று. மூன்றாவது வாய்க்கு அவர் வாளிப் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? நோட்டுகள் திறந்தன, குவளைகள் முண்டியடித்தன. எனக்குப் பத்துப் பெட்டி, எனக்கு இருபது என்று குரல்கள். பெட்டியிலிருந்த தம்பி பாட்டில்கள் ஒவ்வொன்றாக மேசை ஏறின. வரிசையின் கடைசியில் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருவர் நின்றார். மோனப்பா.

"அக்கா, ஒரு வாய்..." என்றார்.

"வாளி வேணுமாய்யா?" என்று கேட்டாள் வேலுத்தாய்.

"அட, போங்கக்கா!"

அவள் ஊற்றிக்கொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு கத்தினாள்: "அண்ணே! வாழைக்கன்னைத் திருப்பிக் குடுத்துரு. பந்தலுக்கு இன்னும் நூறு கல்லுக்கால் ஊனு! என்னது? நூறுதான், நூறு! காது கேக்குதா?"

பன்னீர் அப்போது காலி பாட்டிலாக, மகாராணி போல நின்றது. பக்கத்தில் எச்சில் வாளி, துளி ஈரமில்லாமல் மினுமினுத்தபடி விழுந்து விழுந்து சிரித்தது.

துரைக்குப் பொறுக்கவில்லை. "அதுக்குத்தான் கூட்டம், சரி. உனக்கென்னடா சிரிப்பு? உனக்குத்தான் ஒரு சொட்டுகூடக் கிடைக்கலையே?"

"அதனாலதான் துரை," என்றது வாளி. "இங்கே இருக்கிற எல்லா ஒயினோட ருசியும் எனக்குத் தெரியும். இந்த ஒண்ணோட ருசிதான் தெரியாது."