எஞ்சின் இல்லாத மாப்பிள்ளைக் கார்

கோணப்பாறையில் முட்டாள்கள் என்று தனியாக யாரும் கிடையாது. ஊரே அப்படித்தான் என்பதால், பிரித்துச் சொல்ல வேண்டிய தேவை அங்கே வரவில்லை.

அந்த ஊர் ஒச்சப்பனுக்கு, மலைமேல் இருக்கும் மேல்பாறையில் ஈஸ்வரியைப் பேசி முடித்திருந்தார்கள். அவளைப் பார்த்த நாளிலிருந்து பையனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் பெண்ணின் அப்பா சங்கிலி கறாரான ஆள். "மாப்பிள்ளை சொந்தக் கார்ல வந்து இறங்கணும். முகூர்த்தம் தப்புச்சோ, என் அக்கா மகன் பட்டுவேட்டி கட்டித் தயாரா நிப்பான்" என்று சொல்லிவிட்டார்.

கார் வாங்க மூன்று பேர் டவுனுக்குப் போனார்கள். ஒச்சப்பன், டிராக்டர் ஓட்டத் தெரிந்த அவன் தாய்மாமா தவசி, சித்தப்பா மகன் வீரணன். அங்கே ஒரு பல் டாக்டர் தன் பழைய எலெக்ட்ரிக் காரை விற்கிறார் என்று கேள்வி.

"பழைய வண்டின்னா எஞ்சினைத் திறந்து பாக்கணும்" என்று தவசி பானெட்டைத் தூக்கினார். உள்ளே ஏதோ பெட்டியும் வயரும் இருந்தன. எஞ்சினைக் காணோம். மூன்று தலைகளும் பானெட்டுக்குள் போயின.

"மாமா, எவனோ களவாண்டுட்டுப் போயிட்டான்" என்றான் ஒச்சப்பன்.

"மெதுவாப் பேசுடா. டாக்டருக்குத் தெரியாதுபோல. தெரிஞ்சா மனுசன் உடைஞ்சு போயிருவாரு."

"எஞ்சின் இல்லாமயா இத்தனை வருசம் ஓட்டினாரு?" என்றான் வீரணன்.

"படிச்சவங்கடா. சமாளிச்சு ஓட்டிருப்பாங்க."

டாக்டர் மனம் நோகக் கூடாது என்று மூவரும் சிரித்த முகத்தோடு நிமிர்ந்தார்கள். அவரும் பொறுமையாக விளக்கினார். "இந்த வண்டி சத்தமே போடாது. ரோட்டுல போறவங்களுக்குக் கேக்காது, நீங்கதான் பாத்துக்கணும். மலையில இறங்கும்போது பிரேக்கை மிதிச்சா, கொஞ்சம் சார்ஜ் தானா ஏறிக்கும். மத்தபடி வீட்டுல இந்த வயரை மாட்டிருங்க."

மூவரும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்கள், அந்தக் 'கொஞ்சம்' ஒன்றைத் தவிர. வயரைப் பிற்பாடு வீட்டுக்குக் கொண்டுபோய், வாசலுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே மாட்டித் துணி காயப்போட்டார்கள்.

பணத்தைக் கொடுத்து வண்டியை எடுத்தபோது, எஞ்சின் விஷயம்தான் தவசியை உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் வீரணனை முன்சீட்டில் உட்காரவைத்து, "இனிமே நீதான்டா எஞ்சின்" என்றார். வீரணனும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "டுர்ர்ர்ர்" என்றான். வண்டி கிளம்பியது. வைத்தியம் பலித்ததில் எல்லாருக்கும் பரம திருப்தி.

கல்யாணத்தன்று தவசி ஓட்ட, பின்சீட்டில் ஒச்சப்பன் மாலையோடு இருக்க, வண்டி மலையேறியது. பின்னால் மினிபஸ்ஸில் சொந்தபந்தம். முதல் வளைவு தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. இருந்த சார்ஜெல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

"மாமா, முகூர்த்தம் போயிருமே!" ஒச்சப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"பதறாத. மலை இறங்கினா சார்ஜ் ஏறும். இறங்கணும்னா முதல்ல மேல போகணும். எல்லாரும் தள்ளுங்கப்பா!"

மினிபஸ் காலியானது. வீரணன் மட்டும் இறங்கவில்லை.

"நீ ஏண்டா உக்காந்திருக்க?"

"எஞ்சின் எங்கயாச்சும் இறங்கித் தள்ளுமா? டுர்ர்ர்."

நியாயமான பேச்சு என்று விட்டுவிட்டார்கள்.

உறவுக்காரர்கள் நாக்குத் தள்ளத் தள்ள, வண்டி மேல்பாறைக் கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தது. முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. சங்கிலி சந்தனத்தோடு ஓடிவந்தார். தவசி காரைத் திருப்பினார்.

"ஒரு நிமிசம் சம்பந்தி, கீழ இறங்கி சார்ஜ் ஏத்திட்டு வந்திருறோம்."

ஒச்சப்பன் ஜன்னல் வழியாக ஈஸ்வரியைப் பார்த்தான். அந்தப் பக்கம் அவளுடைய அத்தை மகன் பட்டுவேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தான். ஈஸ்வரி ஒருகணம் யோசித்தாள். பூசாரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறிவிட்டாள்.

"நீங்க வண்டியைக் கீழ இறக்குங்க பெரியப்பா. தாலியைப் போறவழியில கட்டிக்கிறோம்" என்றாள் தவசியிடம். மேல்பாறையும் கோணப்பாறைக்குப் பக்கத்து ஊர்தானே.

தவசி பிரேக்கை மிதித்தபடி இறங்க, மேளக்காரர்களும் கல்யாணக் கூட்டமும் பின்னாலேயே ஓட, புளியமரத்து வளைவில் ஒச்சப்பன் தாலி கட்டினான். கெட்டிமேளத்துக்கும் மேலே கேட்டது வீரணனின் "டுர்ர்ர்ர்".

அடிவாரத்தில் தவசி சார்ஜைப் பார்த்துப் பூரித்துப்போனார். சிட்டிகை அளவு ஏறியிருந்தது.

"அப்ப வாங்க, மேல போயிச் சாப்பிடலாம்" என்றாள் ஈஸ்வரி.

"இதுலயா? பாடுபட்டுச் சேத்த சார்ஜை யாராச்சும் செலவழிப்பாங்களாம்மா?"

அதுவும் சரிதான். மறுபடியும் எல்லாரும் தள்ளினார்கள். அத்தை மகன் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நின்று முட்டுக்கொடுத்தான்.

பந்தியில் சங்கிலி மருமகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "வண்டி எப்படி மாப்பிள்ளை? செலவு வைக்குதா?"

ஒச்சப்பன் எதிர்வரிசையைப் பார்த்தான். தொண்டை கட்டிப்போன வீரணன், அண்டாவையே பக்கத்தில் வரவழைத்து, பாயசத்தைச் சொம்புசொம்பாக மொண்டு குடித்துக்கொண்டிருந்தான்.

"கரண்ட் செலவே இல்ல மாமா" என்றான் ஒச்சப்பன். "எஞ்சின்தான் கொஞ்சம் அதிகமா குடிக்குது."