ராஜாவின் ஏரியும் திருமேனியாரின் காலடியும்

முன்னொரு காலத்திலே, மேடும் பள்ளமுமாகக் கிடந்த வெண்குன்ற நாட்டைப் பரிதிகண்டன் என்றொரு ராஜா ஆண்டான். நினைத்தது உடனே நடக்க வேண்டும் அவனுக்கு. படகு விட ஆசை வந்தது; மலையோடையைத் திருப்பி, மேட்டின் மேல் பெரிய ஏரி வெட்டிவிட்டான்.

சில வருஷத்தில், மேட்டுக்குக் கீழே இருந்த தாழையூர் வயல்களில் வெள்ளையாக உப்புப் பூத்தது. நட்ட நெல் கருகியது.

அந்த நாட்டில் உப்புக் காய்ச்சும் உரிமை ராஜாவுக்கு மட்டும்தான். அவையில் மூத்தவரான திருமேனியார் அதைப் பிடித்துக்கொண்டார். புதிதாக வந்த இளம் மந்திரி வேட்டனைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். தாழையூர் அவன் பிறந்த ஊர்.

"மன்னா, திருட்டு உப்பு! எவன் இடத்தில் உப்பு பூக்கிறதோ அவன்தான் திருடன். ஊரையே விரட்டுங்கள்."

"நியாயம்தான்," என்றான் ராஜா.

உப்புக்குக் காரணம் ஏரிதான் என்று வேட்டனுக்குத் தெரியும். ஆனால் ஏரியைக் குறைசொன்ன படகோட்டி ஒருவன் ஏற்கெனவே சிறையில் இருந்தான்.

"பௌர்ணமி வரை தவணை வேண்டும், அரசே," என்று மட்டும் கேட்டான். ராஜாவும் கொடுத்தான்.

தாழையூர் மேட்டுச் சரிவிலிருந்து மண் எடுத்துவந்து, அரண்மனை முற்றத்தின் கல்தளத்தில், திருமேனியாரின் ஆசனத்தை நோக்கிச் சரியும்படி குவித்தான். உச்சியில் அடி ஓட்டையான பானையொன்றை வைத்து, தினமும் நல்ல தண்ணீர் நிரப்பினான்.

"என்னய்யா, அவையில் கொல்லை போடுகிறீரா?" என்றார் திருமேனியார்.

"தங்கள் பார்வைக்கு ஒரு குட்டி மலை, ஐயா."

"நன்றாகப் பார்த்துவிட்டேன். வெறும் மண்!"

வெயில் காய்ந்தது. பௌர்ணமியன்று அவை கூடியபோது, திருமேனியாரின் காலடி மண் வெளுத்திருந்தது. வேட்டன் ஒரு சிட்டிகை எடுத்து நீட்டினான். நாக்கில் வைத்த ராஜா முகம் சுளித்தான்.

"உப்பு! திருமேனியாரே, உமது இடத்திலா?"

"ஐயையோ மன்னா! நான் என்ன செய்தேன்? மேலே தண்ணீர் விட்டது இவன்! அது உள்ளுக்குள்ளேயே ஊறி இறங்கி, மண்ணில் கிடந்த உப்பைக் கரைத்துக்கொண்டு வந்திருக்கிறது. என் காலடியில் வெயில் பட்டுத் தண்ணீர் போய்விட்டது, உப்பு தங்கிவிட்டது. கீழே உட்கார்ந்தவன் திருடனா?"

"தாழையூர்க்காரர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்," என்றான் வேட்டன்.

திருமேனியார் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ராஜா குவியலின் உச்சியைப் பார்த்தான். "அப்படியானால் தாழையூருக்குப் பானை எது?"

வேட்டன் மேட்டுப் பக்கம் கை காட்டினான்.

"தாங்கள் படகு விடுகிற இடம், அரசே."

ராஜாவின் மீசை துடித்தது. பானையைப் பார்த்தான், திருமேனியாரின் கால்களைப் பார்த்தான், வெடித்துச் சிரித்துவிட்டான்.

"படகோட்டியை விடுங்கள். ஏரித் தண்ணீரை இறக்குங்கள். சரிவின் அடியில் ஆழமாக வடிகால் வெட்டி, ஊறி வரும் தண்ணீரை ஆற்றுக்குத் திருப்புங்கள். தாழையூர் தாழையூர்க்காரர்களுக்கே. வேட்டா, என் முத்துமாலை உனக்கு. திருமேனியாரே, இவ்வளவு தெளிவாக விளக்கினீரே, வடிகால் வேலை உம்முடையது. நெல் விளையும்வரை உமது ஆசனமும் அந்த வயலோரத்தில்தான்."

ஏறிய உப்பு லேசில் இறங்கவில்லை. பல மழைக்காலம் போனது. விடிந்ததும் திருமேனியார் வயல் மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பாராம்.

"இன்னும் கரிக்கிறதா, ஐயா?" என்பார்களாம் ஊர்க்காரர்கள்.

துப்பிவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வடிகாலுக்குள் இறங்குவாராம்.