குருசாமி பெயரில் ஓடிய இயந்திரம்

"நான் ஊருக்குப் போகணும். இது என்னை விடமாட்டேங்குது."

சர்வர் அறை வாசலில் நின்று குருசாமி சொன்னார்.

புஷ்பம் திரும்பிப் பார்க்கவில்லை. "எது சார்?"

"பில்ட் சர்வர்."

"அதுக்குக் கை இருக்கா, பிடிச்சு வைக்க?"

இந்தக் கதையில் சீடருக்கு வயது ஐம்பத்து நான்கு. பெயர் குருசாமி, பெற்றோர் வைத்தது, நான் திருத்த முடியாது. குருவுக்கு வயது முப்பத்தொன்று. பெயர் மரியபுஷ்பம். மதுரையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் இயந்திரங்களைக் கவனித்துக்கொள்பவர்.

பில்ட் சர்வர் என்பது அந்த இயந்திரங்களில் ஒன்று. நாற்பது பேர் எழுதும் நிரல்களை வாங்கி, ஒன்றாகச் சேர்த்து, சோதித்துப் பார்க்கும். சரியென்றால் சுவரில் உள்ள திரை பச்சையாகும். தவறென்றால் சிவப்பு. சர்வரே நின்றுபோனால் திரை கறுத்துவிடும். நாற்பது பேரும் டீ குடிக்கப் போவார்கள். இதை இன்னும் விரிவாக விளக்க எனக்கு ஆசை உண்டு. அடக்கிக்கொள்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் அதை நிறுவியவர் அங்கேயே வேலை பார்க்கும் குருசாமி. தன் பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டு இயந்திரத்துக்குள் நுழைந்தார், ஒரு கட்டளையை அடித்தார், ஓடவிட்டார். அவர் வெளியேறாதவரை அது ஓடும். மின்சாரம் போய் இயந்திரம் அணைந்தால், அவரே நேரில் வந்து, தன் பாஸ்வேர்டைப் போட்டு, மறுபடி ஓடவிட வேண்டும். வெளியூரிலிருந்து நுழைய நிறுவனம் அனுமதிப்பதில்லை. பாஸ்வேர்டை அவர் யாருக்கும் சொன்னதில்லை.

"அண்ணன் போன் பண்ணினாரு," என்றார் குருசாமி. "ரெண்டு வருஷம் கழிச்சு."

புஷ்பம் இப்போது திரும்பினார்.

"நாளைக் காலையில நெஞ்சுல ஆபரேஷனாம். திருநெல்வேலியில. 'வாறியா, இல்ல அந்த மிஷின்கூடவே இருந்துக்கிடுதியா'ன்னு கேட்டாரு."

"ரெண்டு வருஷம் ஏன் பேசல?"

"அவர் பையன் கல்யாணம். பந்தியில உட்கார்ந்துட்டேன். எனக்கு இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் சம்பந்தி. இலையில உப்பு வச்சாச்சு. இங்கே கரண்ட் போயி சர்வர் நின்னுடுச்சுன்னு போன் வந்தது."

"எந்திரிச்சுட்டீங்க."

"எந்திரிச்சுட்டேன். பின்னாடி அண்ணன் கூப்பிட்ட குரல் கேட்டுச்சு. நிக்கல."

அவர் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

"என் பாஸ்வேர்டு. யாருக்கும் குடுத்ததில்ல. மூணு நாள் நீ பாத்துக்கோம்மா."

புஷ்பம் அதைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார்.

"இதை வாங்கினா அப்புறம் நான் ஊருக்குப் போக முடியாது சார்."

குருசாமி விழித்தார்.

"உட்காருங்க," என்றார் புஷ்பம். "கீபோர்டு உங்களுக்கு. நான் தொடமாட்டேன்."

முதலில் அந்த இயந்திரத்தில் ஒரு புதிய பயனரை உண்டாக்கச் சொன்னார்.

"யார் பேருல?"

"யார் பேரும் இல்ல. 'பில்ட்'னு போடுங்க."

"பாஸ்வேர்டு?"

"கிடையாது."

"அப்ப எப்படி உள்ளே வரும்?"

"வராது. வெளியவும் போகாது."

"இது என்னம்மா ஆளு?"

"வேலையை மட்டும் செய்யிற ஆளு."

பிறகு ஒரு சிறிய கோப்பு. எந்த நிரலை ஓட்டுவது, யாருடைய பெயரில் ஓட்டுவது, எப்போது தொடங்குவது, ஓட்டம் நின்று விழுந்தால் என்ன செய்வது. பதினோரு வரிகள். இப்படி எழுதி வைத்தால் யாரும் உள்ளே நுழையாமல் இயந்திரமே அதைத் தொடங்கிக்கொள்ளும். அதற்கு சர்வீஸ் என்று பெயர்.

பெயர் கேட்ட வரியில் குருசாமியின் விரல்கள் பழக்கத்தில் 'குருசாமி' என்று அடித்தன.

புஷ்பம் காத்திருந்தார்.

அவர் அழித்துவிட்டு 'பில்ட்' என்று அடித்தார்.

பழைய ஓட்டத்தை நிறுத்தினார்கள். சர்வீஸைத் தொடங்கினார்கள். அது ஒரு நொடி எழுந்தது, விழுந்தது. மறுபடி எழுந்தது, விழுந்தது. அனுமதி இல்லை என்று திரை சொன்னது.

"பாத்தியா!" என்றார் குருசாமி. "நான் இல்லாம ஓடாது!"

குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சி. அது அவர் காதிலும் விழுந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

"கோப்பெல்லாம் யார் பேருல இருக்குன்னு பாருங்க," என்றார் புஷ்பம்.

பட்டியலை வரவழைத்தார். இடதுபுறம் மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர். குருசாமி, குருசாமி, குருசாமி. மூன்று வருடக் கோப்புகள்.

"'பில்ட்' பேருக்கு மாத்திக் குடுங்க."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு பாக்கி வச்சாலும் விழும்."

ஒரே ஒரு கட்டளைதான். அடித்துவிட்டு, கடைசி விசையை அழுத்தாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே யாரோ டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். புளிக்குழம்பு வாசனை வந்தது.

அழுத்தினார்.

மறுபடி பட்டியலை வரவழைத்தபோது அவர் பெயர் எங்கேயும் இல்லை. சர்வீஸ் எழுந்தது. விழவில்லை. சுவரில் திரை பச்சையானது.

"ஓடுது," என்றார் குருசாமி. "ஆனா கரண்ட் போனா?"

புஷ்பம் எழுந்தார். இயந்திரத்தின் பின்னால் போய், சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"ஐயோ!"

விசிறிகள் அடங்கின. சுவர்த் திரை கறுத்தது.

புஷ்பம் பிளக்கை மீண்டும் செருகிவிட்டு வந்து, கீபோர்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"குடும்மா, பாஸ்வேர்டு போடணும்."

"கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க சார்."

ஒரு நிமிடம். குருசாமியின் விரல்கள் முழங்காலில் தாமாகவே பாஸ்வேர்டை அடித்தன. இரண்டு நிமிடம். உள்ளே நுழையச் சொல்லும் கட்டம் வந்து நின்றது. யாரும் நுழையவில்லை.

சுவர்த் திரை பச்சையானது.

அவர் சிரிக்கவில்லை.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"எல்லாம் சேர்த்தா?" புஷ்பம் கடிகாரத்தைப் பார்த்தார். "நாற்பது நிமிஷம். அதுல பத்து நிமிஷம் நீங்க அந்த விசையைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"நாற்பது நிமிஷம்."

"ஆமா."

"மூணு வருஷமா பக்கத்து ரூம்லதான இருக்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"முதல் வாரமே மெயில் போட்டேன்."

"நான் என்ன எழுதினேன்?"

"'அதான் நான் இருக்கேனே'ன்னு."

குருசாமி மேஜையில் கிடந்த காகிதத்தை எடுத்துப் பையில் வைத்தார். "மறுபடி ஒரு தடவை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்," என்றார் புஷ்பம். அவர் குரலும் இறங்கியிருந்தது. "ஒவ்வொரு தடவை சர்வர் நின்னு நீங்க ஓடி வரும்போதும் உங்க முகத்துல அவ்வளவு சந்தோஷம் சார். எனக்குச் சொல்ல வாய் வரல."

குரு சீடரின் முகத்தைப் பார்க்கவில்லை. சீடரும் குருவின் முகத்தைப் பார்க்கவில்லை. இதற்கு நூல்களில் முன்மாதிரி இருக்கிறதா என்று தேடினேன். அகப்படவில்லை.

குருசாமி பையைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணனுக்குப் போன் செய்தார்.

"அண்ணே, கிளம்பிட்டேன். மூணு மணி பஸ்."

"மிஷினை யாருலே பாத்துக்கிடுதா?"

"யாரும் இல்லண்ணே. அதுவா ஓடுது."

"அதுவா ஓடுமா?"

"ஓடும்ணே. நாற்பது நிமிஷ வேலை. முடிச்சாச்சு."

"இதை அன்னிக்கே முடிச்சிருக்கலாமாலே?"

குருசாமி சுவரில் கைவைத்து நின்றார்.

"முடிச்சிருக்கலாம்ணே."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதில் இன்னும் அழுத்தினார்.

"சரி," என்றார் அண்ணன். "வா."