பழைய பிக்கப்புக்குப் பவர் ஏற்றிய டிரைவர்

யோவ் முதலாளி, டிரைவர் மாசிலாமணியை வேலையைவிட்டு நிறுத்தினாயே, அது அக்கிரமம்!

உர மூட்டையோடு கொல்லிமலை ஏற முடியாமல் உன் பழைய பிக்கப் திணறியது. "இன்ஜினுக்குப் பவர் ஏத்துடா, இல்லன்னா வீட்டுக்குப் போ" என்று கத்தினாய். அவன் எதையும் ஏற்றவில்லை, இறக்கினான். நீ அழகுக்கு மாட்டிய இரும்பு பம்பர், ஆளுயர ஸ்பீக்கர், உன் பெயர் எழுதிய ஆர்ச் எல்லாவற்றையும் கழற்றினான். வண்டி ஜோராக ஏறியது. சந்தைக்குப் பக்கத்துக் கடைசி வளைவில்தான் மறுபடி திணறியது.

"இன்னும் என்னடா பாரம்?"

"கோவிச்சுக்காதீங்க மொதலாளி, நீங்கதானுங்க."

நீ இறங்கினாய், வண்டி ஏறிவிட்டது. சந்தையில் நின்ற நாங்கள்தான் சிரித்தோம். தண்டனை மட்டும் அவனுக்கா? நீ கேட்ட பவரைத்தானே கொடுத்தான்? நாளை லோடுக்கு அவனையே ஸ்டியரிங்கில் உட்கார வைய்யா!